மூன்றே பல் போதும்

மரச்சாமான் தெருவில் வந்து பல்லக்கா எங்கே என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கடைவாய்ப் பல் உயிரை வாங்குகிறது என்று அவள் முன்னால் வாயைப் பிளந்து காட்டினார் என்று ஒரு கதை தெருவில் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அவளே அதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவள் பார்க்கிற பல் வேறு. பட்டறைச் சுவரில் ஆணியடித்து வளையம் வளையமாகத் தொங்கவிட்டிருக்கும் பேண்ட்சா பிளேடுகளின் பல்.

பேண்ட்சா என்பது மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட்டைப் போல ஓடுகிற ரம்பம். பார்க்கச் சாதுவாக இருக்கும். தப்பான பிளேடை மாட்டினால்தான் அதன் சுயரூபம் தெரியும். எதை மாட்டுவது என்று தெரியாமல் விழிக்கிற தச்சர்கள் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் வருவார்கள். வா, உட்கார் என்றெல்லாம் அவள் சொல்ல மாட்டாள். “எவ்ளோ தடிமன்? நேரா வெட்டணுமா, வளைச்சா? மரம் காஞ்சிருக்கா, ஈரமா?” என்று நிற்க வைத்துக் கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் கை சுவரில் ஒரு பிளேடின் மேல் இருக்கும். கூடவே, கேட்காத நாலு புத்திமதியும் இலவசமாகக் கிடைக்கும். வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், வேறு வழியில்லை.

இந்த அதிகாரம் அவளுக்குத் தானாக வந்துவிடவில்லை.

அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். மரம் என்றால் வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் என்பதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி வந்து சேர்ந்ததோ மரத்தூளிலேயே மூச்சுவிடுகிற வீடு. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு கதவு, அதுவும் சரியாக மூடாது. பட்டறைக்கு முதலாளி மாமியார். பாலிஷ் போடுவதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளங்கை இரண்டும் நிரந்தரமாகக் காபி நிறம். கணவன் சட்டங்களை மூட்டுப் போட்டுச் சேர்க்கிறவன், பசையும் சுத்தியலும் கையில் இருந்தால் உலகத்தையே மறந்துவிடுவான். கொழுந்தன் மெஷின் ஆள். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எல்லோரும் யோசித்து, கடைசியில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

அவளும் பெருக்கினாள். சும்மா பெருக்கிவிட்டுப் போகவும் முடியாது. மாமியாருக்குத் தூளை இரண்டு சாக்காகப் பிரித்து வைக்க வேண்டும். மாவு மாதிரி இருக்கிற தூள், சிந்திய பாலிஷை உறிஞ்ச. துருவல் மாதிரி இருக்கிற தூள், அடுப்பு பற்றவைக்க. மாற்றிப் போட்டுவிட்டால் அன்று பூராவும் அர்ச்சனைதான். அதனால் அவள் ஒவ்வொரு குவியலையும் விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் அள்ளுவாள். தேய்த்துத் தேய்த்து, மற்றவர்கள் யாரும் கவனிக்காத ஒன்று அவளுக்குப் புலப்பட்டது. பேண்ட்சாவுக்குக் கீழே துருவல் விழுந்திருக்கிற நாளில் பட்டறையில் சண்டை இல்லை. மாவு விழுந்திருக்கிற நாளில் கொழுந்தன் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பான், பலகை வயிறு பெருத்து வளைந்து வெட்டுப்பட்டிருக்கும், மரத்தில் கருகிய வாடை அடிக்கும்.

கொழுந்தன் கெட்டவனில்லை. மெல்லிய பலகையில் அவன் வளைத்து வெட்டுகிற கொடியையும் இலையையும் பார்த்தால் யாருக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பிளேடில் எவ்வளவுக்கு எவ்வளவு பொடிப் பல்லோ அவ்வளவுக்கு அவ்வளவு வெட்டு சுத்தம் என்பது அவன் கட்சி. மெல்லிய பலகைக்கு அது சரிதான். அதையே சாண் உயர மரத்துக்கும் மாட்டினான். மாட்டிவிட்டு, வெட்டு கோணலானதும், “இது மெஷின் இல்ல, பிசாசு” என்று அதன் கழுத்தில் ஒரு குத்து விடுவான். மெஷின் வாங்கிய நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்த மெஷின் மேல் ஆசை. இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் முன்னால் நிற்க வேண்டும், பலகையைத் தள்ள வேண்டும், அந்தச் சத்தம் தன் கைக்குக் கீழே வர வேண்டும் என்று துடித்தாள். கணவனிடம் சொன்னபோது, “தம்பி கோவிச்சுப்பானே” என்றான். எதற்கெடுத்தாலும் அதுதான் அவன் பதில்.

அப்போதுதான் விடுதிக்கார அம்மா வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தெருவில் தங்கும் விடுதி நடத்துகிறவள். அவள் முற்றத்து மரம் புயலில் சாய்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த மரமாம். விறகாகப் போக மனசில்லாமல் நடு மரத்தில் ஒரே ஒரு பலகை எடுத்து, காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆள் உயர நீளம், சாண் அகலம், மூன்று விரல் தடிமன். உள்ளே புகையும் தேனும் கலந்த மாதிரி ஓடுகிற ரேகை. அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, தடிமனின் நடுவில் இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரிப்பதுபோல விரித்து, விடுதி வாசலில் வைக்கிற மேசைக்கு முகப்பாக ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்து ரேகை மறுபக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிய வேண்டும்.

“வேற பலகை கிடையாது. இதுதான், இது மட்டும்தான்” என்றாள்.

பெரிய ரம்ப மில்லுக்கு அனுப்பவும் முடியாது. அங்கே இருக்கிற வட்ட ரம்பம் ஒரு விரல் மரத்தையே தூளாக்கித் தின்றுவிடும். மிச்சம் நிற்பது முகப்புக்குக் காணாது, ரேகையும் ஒன்றோடொன்று சேராது. பேண்ட்சா ஒன்றுதான் வழி. கொழுந்தன் அதே அளவில் ஒரு சாதாரணப் பலகையை வைத்து வெட்டிப் பார்த்தான். பாதிவரை நேராகப் போனது. அப்புறம் உள்ளுக்குள்ளேயே வளைந்து, ஒரு பக்கம் தோசை மாதிரியும் மறுபக்கம் திண்டு மாதிரியும் பிளந்து விழுந்தது. இன்னொன்றை வெட்டினான். அது அதைவிட மோசம்.

மாமியார் பாலிஷ் துணியைக் கீழே வைத்தாள். “போதும். அந்த அம்மா பலகையைத் திருப்பிக் கொடுத்துடுவோம். இந்த மெஷினையும் தலைமுழுகிடுவோம். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது.”

துடைப்பத்தோடு நின்றவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அத்தை, மெஷின் மேல குத்தம் இல்ல. மாட்டுற பிளேடு மேலதான் குத்தம்.”

கொழுந்தன் திரும்பினான். “அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

“தூளைப் பாருங்க தம்பி. மாவு. பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான் தூள் தங்கி வெளிய வரணும். உங்க பிளேடுல பல்லு ஜாஸ்தி, பள்ளம் சின்னது. சாண் உயர மரத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்றதுக்குள்ள ரொம்பிடுது. எங்கப்பா பஸ்ஸுல படிக்கட்டு வரைக்கும் ஆளுங்க தொங்கினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்ல, அந்த மாதிரிதான். ரொம்பின பிளேடு நேரா எப்படிப் போகும்?”

மாமியார் தூள் குவியலை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, நீயே வெட்டிக் காட்டு” என்றாள். பாராட்டாகச் சொன்னாளா, வாயை அடைக்கச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. “ஆனா ஒண்ணு. அந்த அம்மாவோட பலகை கெட்டுதுன்னா மெஷினும் வெளிய போகும், உன் பேச்சும் நிக்கும்.”

“கெட்டுதுன்னா இந்த மெஷின் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன் அத்தை.”

வாய் விட்டாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

முதல் முயற்சியிலேயே அவள் மூக்கு உடைந்தது. பொடிப் பல் கூடாது என்று கண்டுபிடித்தவள், அடுத்த கோடிக்குப் போய்விட்டாள். அகலமான பிளேடு வளையாது, ஆகவே இருப்பதிலேயே அகலமானதை மாட்டுவோம் என்று, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த, இரண்டு விரல் அகலமும் நல்ல தடிமனுமான பட்டையை எடுத்து மாட்டினாள். யாரோ பெரிய மெஷினுக்கென்று வாங்கி, நீளம் குறைந்துபோனதால் எப்போதோ இங்கே போட்டுவிட்டுப் போனது. அதை இறுக்க இறுக்க மெஷின் முனகியது. ஓடவிட்டுக் கொஞ்ச நேரம்தான். படார்! கூரை இடிந்துவிட்டது என்று மாமியார் பாலிஷ் டப்பாவோடு வெளியே ஓடினாள். மூடிகள் சாத்தியிருந்ததால் யாருக்கும் கீறல்கூட இல்லை. பிளேடு மட்டும் உள்ளே துண்டாகிச் சுருண்டு கிடந்தது.

கொழுந்தன் அந்த வாரம் முழுக்கச் சிரித்தான். எது கீழே விழுந்தாலும், “அண்ணி பிளேடு மாட்டுறாங்க” என்பான். தெருவில் டயர் வெடித்தாலும் அதே பேச்சு. அவள் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவன் பின்னால் வந்து நின்று, ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்தான். “விட்டுடு. நான் அம்மாகிட்ட பேசுறேன்” என்றான்.

“என்ன பேசுவீங்க? தோத்துட்டாள்னா?” என்று சீறினாள். அழுகை அதோடு நின்றது. அவளுக்குக் கோபம் வந்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும்.

உடைந்த பட்டையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். உடைந்தது ஒரே இடத்தில்தான், ஆனால் பட்டை நெடுக, பல்லுக்கு அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இவ்வளவு இடத்தில் ஏன் வெடிக்க வேண்டும்? மெஷின் மூடியைத் திறந்து, உடைந்த பட்டையைக் கையால் சக்கரத்தின் மேல் வளைத்துப் பார்த்தாள். சக்கரம் ஒரு முழம்கூட இல்லை. தடித்த பட்டை அதன்மேல் படியவே இல்லை, விறைத்துக்கொண்டு எழும்பி நின்றது. சுவரில் இருந்த மெல்லிய பிளேடு ஒன்றை எடுத்து வளைத்தாள். அது இடுப்பில் கட்டிய வார் மாதிரி ஒட்டிப் படிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தடியனைச் சக்கரம் இரண்டு முறை வளைத்து நிமிர்த்தியிருக்கிறது. எதுவாக இருந்தாலும் உடைந்துதான் போயிருக்கும்.

அப்படியானால் பல்லை மரத்தைப் பார்த்துத் தேர வேண்டும், பட்டையைச் சக்கரத்தைப் பார்த்து. இரண்டும் வெவ்வேறு கணக்கு. இவ்வளவுதான் விஷயம்! அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள், பக்கத்தில் யாரும் இல்லாததால் தனக்குத்தானே தலையும் ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பேச்சுக்காரர். பளபளவென்று பொடிப் பல்லாக மின்னுகிற ஒன்றை எடுத்து வெல்வெட்டில் நகை வைப்பதுபோல வைத்தார்.

“இது வேணாங்க. அரை இன்ச் அகலம், மெல்லிசுப் பட்டை, ஒரு இன்ச்சுக்கு மூணு பல்லு. அது இருக்கா?”

“மூணு பல்லா? அது எங்க தாத்தா வாயிலதாம்மா இருக்கும்.”

“அந்தத் தாத்தாதாங்க எனக்கு வேணும். எடுங்க.”

கடையில் நின்ற தச்சர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து அல்ல. கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். வெளியே வரும்போது, பையில் அது மெல்ல ஆடிக் கிணுகிணுவென்றது.

வெட்டுகிற நாளன்று விடுதிக்கார அம்மா காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமியார் பாலிஷ் அறை வாசலில் நின்றாள். கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். சிரிக்கத் தயாராக இருந்தான் என்று நினைக்க வேண்டாம். முகம் அப்படி இல்லை. அவனுக்கும் அந்த மரத்தின் மேல் ஒரு கண் இருந்தது.

அவள் முடியை இறுக்கி முடிந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடக்கினாள். பிளேடை மாட்டி, பல் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்த்தாள். இறுக்கினாள், விரலால் சுண்டினாள், இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். முதலில் ஒரு கழிவுப் பலகை. அதில் நேர்க்கோடு ஒன்று போட்டு, எந்தத் தடுப்பும் இல்லாமல் கோட்டின் மேலேயே தள்ளிப் பார்த்தாள். பிளேடுக்குப் பிளேடு ஒரு குணம் உண்டு. இது லேசாக இடது பக்கம் முகத்தைத் திருப்பியது. “உன் இஷ்டப்படியே போ” என்று பலகை சாய்ந்து நிற்கிற தடுப்புக் கட்டையையும் அதே சாய்வுக்குத் திருப்பி முடுக்கினாள். இன்னொரு கழிவுப் பலகை. அது நேராகப் பிளந்தது. கொழுந்தன் தூணிலிருந்து முதுகை எடுத்தான்.

பிறகு அந்தப் பலகை.

கணவன் மறுமுனையில் ஏந்திக்கொள்ள நின்றான். அவள் தள்ளினாள். மரம் பிளேடைத் தொட்டதும் மெஷின் தொண்டையைக் கனைத்துக்கொண்டது, அப்புறம் ஒரே குரலில் பாட ஆரம்பித்தது. கைக்குக் கீழே அந்த அதிர்வு முழங்கைவரை ஏறியது. இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. அவள் கண் முழுக்க மேசைக்கடியில், கொட்டுகிற தூளில். துருவல். கால் பாகம் போயிற்று, துருவல். பாதி போயிற்று. கொழுந்தனின் பலகைகள் வளைந்த இடம் இதுதான். விடுதிக்கார அம்மா முந்தானையோ கைக்குட்டையோ எதையோ வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சத்தம் கனத்தது. உள்ளே ஒரு கணு.

“தள்ளுங்க அண்ணி, நின்னா கருகிடும்!” என்று கொழுந்தன் கத்தினான்.

அவள் தள்ளவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. பிடியை ஒரு நூல் தளர்த்தி, பிளேடு தன் வாய்க்குள் இருப்பதைத் துப்பிவிட்டு வரட்டும் என்று காத்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை கிடையாது. தூளைப் பார்த்தாள். கொஞ்சமாக விழுந்தது, ஆனால் துருவல்தான். மாவு இல்லை. அது போதும். மெல்ல மெல்லக் கொடுத்தாள். குரல் மறுபடி இளகியது. கணு கடந்தது. கணவன் மறுபக்கம் இரண்டு முனைகளையும் கையில் வாங்கி, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தான். கடைசி விரற்கடையை ஒரு தள்ளுகட்டையால் தள்ளினாள். பலகை இரண்டாயிற்று.

மெஷினை அணைத்தாள். சக்கரம் சுற்றி ஓய்ந்தது.

கணவன் இரண்டு பாதியையும் மேசைமேல் வைத்து விரித்தான். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ரேகைகள் ஒன்றையொன்று பார்த்து எழுந்தன. அவளைப் பயமுறுத்திய கணு, இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாக விழித்தது. விடுதிக்கார அம்மா எழுந்து வந்தாள். “இது எங்க முற்றத்துல நின்ன மரமா?” என்றாள். “இவ்ளோ நாளா இதையா உள்ள வெச்சுக்கிட்டு நின்னுச்சு?” அவள் பல்லக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாமியார் கடைசியாக வந்தாள். காபி நிற உள்ளங்கையால் வெட்டு முகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள். திருப்பித் தடவினாள். அந்த அம்மாள் மகன்களையே பாராட்டிப் பார்த்தவர்கள் கிடையாது.

“ரெண்டு தள்ளு இழைச்சா போதும். நேரா பாலிஷுக்கு வரலாம்” என்றாள். போகிறபோது மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துச் சின்ன மகன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கொழுந்தன் பெருக்கினான். குனிந்து ஒரு பிடி தூளை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தான். மறுபடி தேய்த்தான். அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு நிறைந்து வழிந்தது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்தாள், முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் மேசையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். நாற்காலி முதுகுக்கு வளைவு வரைந்த கட்டை. முன்னால் நின்று, கட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அண்ணி, இதுக்கு எந்த பிளேடு மாட்டலாம்?”

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உப்பு எங்கே, சாவி எங்கே, சட்டை காய்ந்ததா என்று எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “என்ன தம்பி கேட்டீங்க? மெஷின் சத்தத்துல காதுல விழல.”

மெஷின் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அது அவனுக்கும் தெரியும். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, பாலிஷ் அறைவரைக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை கேட்டான்.